கடக லக்னம், பத்தில் ஐந்து கிரகம்: தொழிலைத் தீர்மானிப்பது யார்?

சித்திரைநிலா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தங்கையின் ஜாதகம் இது. 2000 மே 9, செவ்வாய்க்கிழமை, காலை 11.25, சென்னை. விக்கிரம வருஷம், சித்திரை மாதம், வளர்பிறை சஷ்டி, பூசம் 1ஆம் பாதம். திருக்கணிதம் (இன்றைய வானியல் கணக்கில் போடும் பஞ்சாங்கம்), லாஹிரி அயனாம்சப்படி (ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை நிர்ணயிக்கும் கணக்குகளில் ஒன்று) கிரக நிலை:

லக்னம்: கடகம் 14°28′
சந்திரன், ராகு: கடகம், இருவரும் 4 பாகையில் (பாகை என்றால் டிகிரி)
கேது: மகரம்
சுக்கிரன்: மேஷம் 16°10′
குரு: மேஷம் 24°20′
புதன்: மேஷம் 25°
சூரியன்: மேஷம் 25°03′
சனி: மேஷம் 26°25′
செவ்வாய்: ரிஷபம், 10 பாகையை ஒட்டி

ஒரு ஜோதிடர், "சூரியன் உச்சம் (அதிக பலம்), கூடவே புதாதித்ய யோகம் (சூரியன், புதன் சேர்க்கை), அரசு வேலை உறுதி" என்றார். இன்னொருவர், "ஒரே வீட்டில் ஐந்து கிரகம், இது சந்நியாச யோகம், எந்த வேலையும் நிலைக்காது" என்றார். தங்கை விஷுவல் கம்யூனிகேஷன் முடித்துவிட்டு விளம்பர வடிவமைப்பு வேலையில் இருக்கிறாள். முதல் வேலை 2022 ஆகஸ்டில் கிடைத்தது. 2024 ஜூனில் வேறு இடம் மாறினாள், அங்கே மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. தொழிலுக்குரிய பத்தாம் வீடான மேஷத்தில் இத்தனை பேர் சேர்ந்திருந்தால் தொழிலை யாரை வைத்துப் பார்ப்பது? அரசு வேலைக்கு முயற்சி செய்யலாமா? சொந்தமாகத் தொடங்குவதென்றால் எப்போது?

திருக்கணிதன்

முதலில் யோகத்தின் பெயரை ஒதுக்கி வையுங்கள். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. அதனால் புதாதித்ய யோகம் பாதி ஊருக்கு இருக்கும், அதை வைத்து வேலையைச் சொல்ல முடியாது. சேர்க்கையைப் பார்க்கும்போது முதலில் எடுக்க வேண்டியது பாகைக் கணக்கு.

அஸ்தங்க எல்லை (இந்தத் தூரத்துக்குள் வரும் கிரகம் சூரியன் ஒளியில் மறைந்துவிடும்): செவ்வாய்க்கு 17 பாகை, சனிக்கு 15, புதனுக்கு 14 (வக்ரத்தில், அதாவது பின்னோக்கி நகரும்போது, 12), குருவுக்கு 11, சுக்கிரனுக்கு 10 (வக்ரத்தில் 8). இந்த ஜாதகத்தில் சூரியன் 25°03′. குரு முக்கால் பாகைக்குள், புதன் ஏறக்குறைய சூரியன் மேலேயே, சனி 1°22′ தள்ளி. மூவரும் முழு அஸ்தங்கம். சுக்கிரன் 8°53′ தள்ளி நிற்பதால் கணக்குப்படி அவரும் எல்லைக்குள்தான், ஆனால் ஓரத்தில். ஆக, ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள் என்றாலும் முகம் தெரிவது சூரியன் ஒருவருக்கே. மற்றவர்களின் ஆதிபத்தியம் (அவர்கள் அதிபதியாக இருக்கும் வீடுகளின் பலன்) நடக்கும், ஆனால் சூரியன் வழியாக, அதாவது ஒரு தலைமையின் கீழ், ஒரு அதிகாரியின் பெயரில் நடக்கும். தங்கை செய்த வேலைக்குப் பேர் வேறொருவருக்குப் போகிறது என்ற குறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குருவும் புதனும் இவ்வளவு நெருக்கமாக அஸ்தங்கமானால் அடிக்கடி காணும் குறை அது.

அடுத்தது ஆதிபத்தியம். கடக லக்னத்துக்குச் சூரியன் 2, புதன் 3 மற்றும் 12, குரு 6 மற்றும் 9, சனி 7 மற்றும் 8, சுக்கிரன் 4 மற்றும் 11, செவ்வாய் 5 மற்றும் 10. குருவை 9ஆம் அதிபதியாக மட்டும் எடுத்துக்கொண்டு "தர்ம கர்மாதிபதி யோகம்" என்று சிலர் சொல்வார்கள். அந்த யோகத்துக்கு 9, 10 அதிபதிகள் சேர வேண்டும், பார்க்க வேண்டும், அல்லது வீடு மாற வேண்டும். இங்கே குரு செவ்வாயின் வீட்டில் இருக்கிறார், செவ்வாய் குரு வீட்டில் இல்லை, பார்வையும் இல்லை. அரை யோகம்கூடச் சொல்ல மாட்டேன். அதோடு 8ஆம் அதிபதி சனி குருவை ஏறக்குறைய இரண்டு பாகையில் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த ஜாதகத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. செவ்வாய் சுக்கிரன் வீட்டில், சுக்கிரன் செவ்வாய் வீட்டில். பத்துக்கும் பதினொன்றுக்கும் பரிவர்த்தனை, ஜீவன ஸ்தானமும் லாப ஸ்தானமும் கை கோத்து நிற்கின்றன. கடகத்துக்கு யோககாரகனான செவ்வாய் பரிவர்த்தனையால் பத்தில் ஆட்சி (சொந்த வீட்டில் இருப்பது) பெற்ற பலம் அடைகிறார்.

நட்சத்திரத்தையும் பாருங்கள். பரணி மேஷம் 13°20′ முதல் 26°40′ வரை. சுக்கிரன் 16°10′ என்பதால் பரணி 1ஆம் பாதம். குரு, புதன், சூரியன், சனி நால்வரும் 23°20′க்கும் 26°40′க்கும் நடுவில், பரணி 4ஆம் பாதம். பரணிக்கு அதிபதி சுக்கிரன், ஆகவே ஐந்து பேரும் சுக்கிரன் சாரம் (அவர் நட்சத்திரத்தில் நிற்பது), அந்தச் சுக்கிரனும் சொந்தச் சாரத்தில். அப்படியென்றால் கூட்டத்தில் யார் வாயைத் திறந்தாலும் சுக்கிரன் குரலில்தான் பேச முடியும். வடிவமைப்பு, காட்சி ஊடகம், துணி, நகை, அழகுக்கலை, உள் அலங்காரம், வாகனம், விருந்தோம்பல்: இந்தத் துறைகளை விட்டு அவர் வெகுதூரம் போக மாட்டார். விஷுவல் கம்யூனிகேஷன் படித்தது தற்செயல் இல்லை.

அரசு வேலையைப் பற்றி. சூரியனுக்கு உச்சமும் உண்டு, பத்தில் திக்பலமும் (திசையால் வரும் பலம்) உண்டு. முதல் ஜோதிடர் அதைப் பார்த்துச் சொன்னது தவறில்லை. அவர் தசையை, அதாவது எந்த வயதில் எந்தக் கிரகத்தின் காலம் நடக்கிறது என்பதை, பார்க்கவில்லை. பூசத்தில் பிறந்தவருக்குச் சனி தசை 2017 டிசம்பர் கடைசி வரை. பிறகு புதன் தசை 17 வருஷம், 2034 டிசம்பர் வரை. கேது தசை 2041 வரை. சுக்கிர தசை 2061 வரை. சூரிய தசை தொடங்கும்போது வயது 61ஐத் தாண்டியிருக்கும். உச்சமான கிரகத்தின் தசை வேலை தேடும் வயதில் வராவிட்டால், அது வாழ்க்கையின் பின்னணியில் இருந்து மரியாதையைத் தரும், நியமன உத்தரவைத் தராது. அரசுத் துறைக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்து கொடுப்பது, அரசு விளம்பரம், சுற்றுலா, கைத்தறி போன்ற துறைகளின் வடிவமைப்பு வேலை என்று வரலாம்.

தசாம்சம்

திருக்கணிதன் சார் சொன்னது ராசிக் கட்டம். தொழிலுக்குப் பத்தில் ஒரு பங்கான தசாம்சத்தையும் போட்டுப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஒரு ராசியை 3 பாகை வீதம் பத்தாகப் பிரித்து, ஒற்றை ராசிக்கு அதே ராசியில் இருந்தும் இரட்டை ராசிக்கு அதன் ஒன்பதாம் ராசியில் இருந்தும் எண்ண வேண்டும்.

மேஷம் ஒற்றை ராசி. 24 முதல் 27 பாகை வரை ஒன்பதாம் பங்கு, மேஷத்தில் இருந்து ஒன்பது எண்ணினால் தனுசு. சூரியன், புதன், குரு, சனி நால்வரும் தசாம்சத்திலும் பிரியாமல் தனுசில். சுக்கிரன் 16°10′ ஆறாம் பங்கு, கன்னி, நீசம் (பலம் மிகக் குறைந்த நிலை). செவ்வாய் ரிஷபம் 10ஐ ஒட்டி: ரிஷபம் இரட்டை ராசி, மகரத்தில் இருந்து எண்ண வேண்டும், 9 முதல் 12 வரை நான்காம் பங்கு, மேஷம், ஆட்சி. லக்னம் கடகம் 14°28′: மீனத்தில் இருந்து எண்ணினால் ஐந்தாம் பங்கு, கடகம்.

ஆக தசாம்சத்தில் கடக லக்னம், பத்தில் செவ்வாய் ஆட்சி, ஆறில் நான்கு கிரகம், மூன்றில் சுக்கிரன் நீசம். ஆறாம் இடம் உத்தியோகம், பிறருக்குச் செய்யும் சேவை. ராசியில் தெரிகிற பத்தாமிடக் கூட்டம் இங்கே சம்பள வேலையாக மாறுகிறது. சுக்கிரன் நீசம் என்பதால் கலைக்குரிய விலையைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் இருக்கும், குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு அதிக வேலை செய்வார். சொந்தத் தொழில் தொடங்கினால் முதலில் அடி விழும் இடம் இதுதான். விலைப் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்து, முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்காமல் இருந்தால் இந்த நீசத்தின் பாதிப்பைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த நேரத்தில் லக்னம் ஒரு பாகை நகர 4 நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகும். 15 பாகையைத் தாண்டினால் தசாம்ச லக்னம் சிம்மம் ஆகிவிடும். உங்கள் 14°28′க்கும் அதற்கும் இரண்டரை நிமிஷம்தான் இடைவெளி. பிறந்த நேரம் எங்கிருந்து எடுத்தது?

நாடிவழி

நாடி முறையில் இன்னும் சுருக்கமாகப் பார்க்கலாம். லக்னத்தை விட்டுவிட்டு, தொழிலைக் குறிக்கும் கர்ம காரகன் சனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சனியோடு சேர்ந்தவர், சனிக்கு 2, 12, 5, 7, 9இல் இருப்பவர், இவர்கள்தான் தொழிலைச் சொல்வார்கள்.

சனியோடு சூரியன்: நிர்வாகம், பெரிய நிறுவனம், மேலே இருப்பவரோடு உரசல். அதுவும் ஒன்றரை பாகைக்குள் என்பதால் உரசல் வேலைக்கு வேலை தொடரும். சனியோடு புதன்: எழுத்து, கணக்கு, வியாபாரம், தகவல் தொடர்பு. சனியோடு குரு: கௌரவமான பணி, ஆலோசனை, கற்பித்தல். சனியோடு சுக்கிரன்: கலை, பணம் புழங்கும் துறை, பெண்களுக்கான பொருள். சனிக்கு இரண்டில் செவ்வாய்: இயந்திரம், தொழில்நுட்பம். இன்றைய காலத்துக்கு அதை மென்பொருள், கேமரா, எடிட்டிங் கருவி என்று எடுத்துக்கொள்ளலாம். பாகை வரிசையில் சுக்கிரன் முதலில், சனி கடைசியில். கலையில் தொடங்கிப் பொறுப்பில் முடியும் பாதை.

சனி நீசம் என்று பயப்பட வேண்டாம். மேஷத்தில் உச்சமாகும் சூரியன் கூடவே இருக்கிறார், சனியின் உச்ச வீடான துலாத்துக்கு அதிபதி சுக்கிரன் லக்னத்துக்கும் சந்திரனுக்கும் கேந்திரத்தில் (1, 4, 7, 10ஆம் இடங்களில் ஒன்று). நீசபங்கம், அதாவது நீசம் நீங்குவது, தெளிவு.

திருக்கணிதன்

நாடிவழி ஐயா, நீசபங்கம் சரிதான். அஸ்தங்கம் அதோடு தீர்ந்துவிடாது. நீசம் கிரகத்தின் தரத்தைச் சொல்வது, அஸ்தங்கம் அது வெளிப்படும் விதத்தைச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்ததால் எத்தனையோ ஜாதகத்தில் "நீசபங்க ராஜயோகம், பெரிய பதவி" என்று எழுதி அது நடக்காமல் போயிருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே 2000 மே 28இல் குருவும் சனியும் ஒரே பாகைக்கு வந்தார்கள், மேஷம் கடைசி, கார்த்திகை முதல் பாதம். அன்று சூரியன் ரிஷபம் 13 பாகையில். குரு 14 பாகை விலகி அஸ்தங்கத்தில் இருந்து வெளியே வந்துவிட்டார், சனி இன்னும் எல்லைக்குள். மூன்று வாரத்துக்குள் பிறந்த இரண்டு கடக லக்னக்காரர்களுக்கு குரு சனி சேர்க்கை ஒன்று, பலன் இரண்டு. கட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

காவிரிக்கரை

சந்நியாச யோகம் என்று சொன்னதைத் திருத்தியாக வேண்டும், ஒரு பெண்ணின் கல்யாணமும் வேலையும் இதில் அடங்கியிருக்கிறது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கிரகம் ஒரே வீட்டில் இருந்தால் துறவு என்பது விதியின் முதல் வரி மட்டுமே. வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் அடுத்தே நிபந்தனை வைக்கிறார்: துறவு தரவேண்டிய கிரகம் சூரியனால் அஸ்தங்கமானால் தீட்சை கிடையாது, துறவிகளிடம் பக்தி மட்டும் இருக்கும். இங்கே சூரியனைத் தவிர நால்வரும் அஸ்தங்கம். பலமாக எஞ்சும் சூரியனோ குடும்ப ஸ்தானமான இரண்டாம் வீட்டுக்கு அதிபதி. கூடவே பத்தும் பதினொன்றும் பரிவர்த்தனை. பணம் சம்பாதித்துக் குடும்பம் நடத்தும் ஜாதகம் இது.

இன்னொன்று. கூட்டம் என்பது வானத்தில் நடப்பது, தனி ஒருவருடைய சொத்து கிடையாது. 1962 பிப்ரவரி முதல் வாரம் ஏழு கிரகங்களும் கேதுவும் மகரத்தில் கூடியபோது நாடு முழுக்க யாகமும் பூஜையுமாக இருந்தது. அந்த நாட்களில் பிறந்தவர்களுக்கெல்லாம் மகரத்தில் அதே கூட்டம்தான். மேஷ லக்னத்துக்கு அது பத்தில், தனுசுக்கு இரண்டில், மிதுனத்துக்கு எட்டில். பாவம் (வீடு) மாற மாற வேலையும் மாறியது.

கூட்டம் பத்தில்தான் என்று உறுதியாகச் சொல்ல பாவச் சக்கரமும் (பாகைப்படி வீடுகளைப் பிரிக்கும் கட்டம்) போட வேண்டும். 11.25க்குப் பத்தாம் பாவ மத்தியம் மேஷம் 15 பாகை அருகே, பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே சந்தி (எல்லை) மேஷக் கடைசியில் வருகிறது. 26°25′ சனி பாவம் மாறவில்லை. எல்லோரும் பத்திலேயே.

சித்திரைநிலா

எல்லோருக்கும் நன்றி. குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்வது, பேர் வேறொருவருக்குப் போவது, இரண்டும் அப்படியே இருக்கிறது. பிறந்த நேரம்: மருத்துவமனைச் சீட்டில் 11.25, ஊரில் எழுதிய ஜாதகக் குறிப்பில் 11.35. குறிப்பு வாக்கியப்படி (பழைய பஞ்சாங்கக் கணக்கு) எழுதியது. எதை எடுப்பது? சொந்தத் தொழிலுக்கு இந்த வருஷம் சரியா?

தசாம்சம்

11.35 என்றால் லக்னம் 16 பாகை 47 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வரை வந்துவிடும். ராசிக் கட்டம் மாறாது. பூசம் 16°40′இல் முடிவதால் லக்னம் ஆயில்யத்துக்குப் போகும், நவாம்ச (ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் கட்டம்) லக்னம் விருச்சிகத்தில் இருந்து தனுசுக்கு மாறும், தசாம்ச லக்னம் சிம்மம் ஆகும். சந்திரன் 6 கலை கூடுவதால் சனி தசை இருப்பு ஏறக்குறைய 50 நாள் குறையும், எல்லாப் புக்தியும் (தசையின் உட்பிரிவு) அந்த அளவு முன்னால் வரும்.

சிம்ம தசாம்சத்தில் நால்வரும் ஐந்தாம் வீட்டில், சொந்தப் படைப்பு, தனித்த தொழில். கடக தசாம்சத்தில் ஆறில், உத்தியோகம். எது சரி என்று நடந்த தேதிகளை வைத்துப் பிடியுங்கள். சிம்ம தசாம்சம் சரியென்றால் சுக்கிரன் அங்கே பத்தாம் அதிபதி, இரண்டில் நீசம். அவர் புக்தியில் கிடைத்த முதல் வேலை தொடக்கத்திலேயே சம்பளப் பாக்கி, பிடித்தம் என்று பண விஷயத்தில் தடுமாறியிருக்க வேண்டும். சம்பளம் குறைவாக இருந்தாலும் மாதாமாதம் ஒழுங்காக வந்தது என்றால் கடகம்தான். அதோடு அவர் தனியாக, சம்பளத்துக்கு வெளியே, செய்துகொடுத்த முதல் வேலை எந்த மாதம் என்று கேளுங்கள்.

திருக்கணிதன்

மருத்துவமனைச் சீட்டையே எடுங்கள். வாக்கியக் குறிப்பில் பாகை வேறாக இருக்கும், அதைத் திருக்கணிதப் பாகையோடு கலந்து வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு பஞ்சாங்கத்தையும் கலப்பதால் வரும் குழப்பத்துக்கு அண்மைய உதாரணம் சனிப்பெயர்ச்சி: மீனத்துக்கு மாறியது திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29, வாக்கியத்தில் 2026 மார்ச் 6. ஒரு வருஷ வித்தியாசம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

இதே ஜாதகத்தில் செவ்வாய் ரிஷபம் 10 பாகையை ஒட்டி நிற்கிறார். கார்த்திகை அங்கேதான் முடிந்து ரோகிணி தொடங்குகிறது. லாஹிரியில் ஒரு பக்கம், கேபி என்ற இன்னொரு அயனாம்சத்தில் மறுபக்கம் விழலாம். நவாம்சமும் மீனமா மேஷமா என்று மாறும். ஆகவே செவ்வாயின் சாரத்தையோ நவாம்சத்தையோ வைத்து இந்த ஜாதகத்தில் ஒரு முடிவும் சொல்லாதீர்கள். பரிவர்த்தனை எந்த அயனாம்சத்திலும் மாறாது, அதை நம்பலாம்.

இனி காலம். புதன் தசையில் 2021 மே முதல் 2024 மார்ச் வரை சுக்கிர புக்தி. முதல் வேலை 2022 ஆகஸ்டில் அதற்குள்தான் கிடைத்திருக்கிறது. 2024 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை சூரிய புக்தி. ஜூனில் மாறிய இடத்தில் மேலதிகாரியோடு உரசல் வந்தது சூரியனும் சனியும் ஒட்டிக்கொண்டிருப்பதால். 2026 ஜூன் வரை சந்திர புக்தி. லக்னாதிபதி ஆட்சிதான், ஆனால் ராகுவோடு ஒரே பாகையில். மனம் ஒரு நாள் வேலையை விடச் சொல்லும், மறுநாள் பயப்படும். இந்தப் புக்தியில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். 2026 ஜூன் கடைசி முதல் 2027 ஜூன் வரை செவ்வாய் புக்தி, பரிவர்த்தனை திறக்கும் நேரம். 2026 ஜூன் தொடக்கத்தில் குருவும் கடகத்துக்கு உச்சமாக வந்து அக்டோபர் கடைசி வரை இருக்கிறார். பதிவு, வங்கிக் கணக்கு, இரண்டு மூன்று வாடிக்கையாளர், இவற்றை வேலையில் இருந்துகொண்டே இந்தக் காலத்தில் செய்து முடிக்கட்டும். தேதிகள் மென்பொருளுக்கு மென்பொருள் இரண்டு வாரம் முன்பின் இருக்கும்.

2027 ஜூனில் சனி மேஷத்துக்கு வருகிறார், அக்டோபரில் வக்ரமாக மீனம் திரும்பி, 2028 பிப்ரவரியில் மறுபடி மேஷம். பிறந்தபோது இருந்த ஐந்து பேர் மேலும் அவர் ஒவ்வொருவராக நடப்பார், முதலில் 16 பாகையில் சுக்கிரன். அப்போது ராகு புக்தியும் நடக்கும், 2030 தொடக்கம் வரை. அந்த இரண்டரை வருஷத்தில் கடன் வாங்கி அலுவலகம் போடுவதும் கூட்டாளியைச் சேர்ப்பதும் வேண்டாம். ஏழுக்கும் எட்டுக்கும் ஒரே சனி அதிபதி என்பதால், கூட்டாளி என்று வருபவர் இந்த ஜாதகத்தில் திடீரென்று விலகுவார். தனிநபர் தொழிலாகவே வைத்துக்கொள்ளட்டும்.

சித்திரைநிலா

தங்கையிடம் கேட்டேன். முதல் நிறுவனத்தில் சம்பளம் மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் வந்துவிட்டதாம், தொகைதான் குறைவு. தனியாகச் செய்த முதல் வேலை 2023 நவம்பரில், ஒரு துணிக்கடைக்குப் பை வடிவமைத்துக் கொடுத்தது, முன்பணம் வாங்கவில்லை.

தசாம்சம்

அப்படியென்றால் கடக தசாம்சம், 11.25ஐயே வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கடை, சுக்கிர புக்தி, முன்பணம் இல்லை: மூன்றில் நீசமான சுக்கிரன் அப்படியே பேசியிருக்கிறார். அடுத்த வேலைக்குப் பாதித் தொகை கைக்கு வந்த பிறகு வரையத் தொடங்கச் சொல்லுங்கள்.